கண்ணாடிக்குள் ஒளிக்கு வழி எழுதுவது: ஃபெம்டோ விநாடி லேசர் குறிப்புகள்

கண்ணாடி லேசரை உறிஞ்சாமல் விட்டுவிடுவதால்தான் அதன் உள்ளே எழுத முடிகிறது. 1030 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஃபோட்டான் (ஒளித்துகள்) ஒன்றின் ஆற்றல் 1.2 எலெக்ட்ரான் வோல்ட். ஃப்யூஸ்டு சிலிக்கா என்ற தூய சிலிக்கா கண்ணாடியின் ஆற்றல் இடைவெளியோ, அதாவது ஒளியை உறிஞ்ச அதற்கு வேண்டிய குறைந்தபட்ச ஆற்றலோ, சுமார் 9. ஒற்றை ஃபோட்டானால் அங்கே எதுவும் நடக்காது. அதே ஒளியை 300 ஃபெம்டோ விநாடிப் பல்ஸாக்கி (ஒரு ஃபெம்டோ விநாடி என்பது விநாடியில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு) ஒரு மைக்ரான் புள்ளியில் குவித்தால் பல ஃபோட்டான்கள் ஒரே கணத்தில் உறிஞ்சப்பட்டு, அந்தப் புள்ளியில் மட்டும் கண்ணாடியின் அமைப்பு மாறும், ஒளிவிலகல் எண் கூடும். 1996இல் ஜப்பானில் டேவிஸ், மியூரா, சுகிமோட்டோ, ஹிராவோ ஆகியோர் இப்படி அலைநடத்தி, அதாவது ஒளியை உள்ளே அடக்கிக் கொண்டுசெல்லும் பாதை, எழுதிக் காட்டினார்கள். ஒளிவிலகல் எண் 0.001 முதல் 0.01 வரை உயர்ந்தாலே ஒளி அந்தக் கோட்டோடு போகும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது "ஒரு பல்ஸுக்கு எத்தனை நானோஜூல் ஆற்றல்?" என்றுதான். பல்ஸுக்கும் பல்ஸுக்கும் இடையே எவ்வளவு நேரம் என்பதையே முதலில் கேட்க வேண்டும். குவிபுள்ளியின் சூடு வெளியேற ஏறத்தாழ ஒரு மைக்ரோ விநாடி ஆகும். 100 கிலோஹெர்ட்ஸுக்கு (விநாடிக்கு ஒரு லட்சம் பல்ஸ்) கீழே ஒவ்வொரு பல்ஸும் ஆறிய கண்ணாடியில் விழுகிறது. 1 மெகாஹெர்ட்ஸை நெருங்கும்போது சூடு சேர்ந்துகொண்டே போய், உருகிய பகுதி பல மைக்ரான் அகலத்துக்கு வட்டமாக வளரும். போரோசிலிகேட் வகைக் கண்ணாடிகளுக்கு இது மிகவும் பொருந்தும். ஃப்யூஸ்டு சிலிக்காவுக்கு 515 நானோமீட்டர் அலைநீளத்துக்கு மாறிவிடுவது நல்லது. 1030இல் நானோ கிரேட்டிங் எனப்படும் மிக நுண்ணிய வரி அமைப்பு எளிதில் உருவாகி ஒளியைச் சிதறடிக்கும்.

ஈகிள் எக்ஸ்ஜி என்ற போரோசிலிகேட் வகைக் கண்ணாடிக்கு நல்ல தொடக்கம் இது: 1030 நானோமீட்டர், 1 மெகாஹெர்ட்ஸ், என்ஏ (ஒளியை எவ்வளவு அகலக் கூம்பாகக் குவிக்கும் என்பதன் அளவு) 0.55 உள்ள ஆப்ஜெக்டிவ் லென்ஸ், 200 மில்லிவாட், விநாடிக்கு 20 மில்லிமீட்டர் வேகம். திறனை ஆப்ஜெக்டிவுக்குப் பிறகு அளக்க வேண்டும், ஏனென்றால் லென்ஸின் துளை கற்றையின் ஓரத்தை வெட்டிவிடும். இந்த வேகத்தில் அடுத்தடுத்த பல்ஸ்கள் 20 நானோமீட்டர் தள்ளி விழும். புள்ளியின் விட்டம் சுமார் 1.2 மைக்ரான் என்பதால் ஒவ்வோர் இடமும் 60 பல்ஸ் வாங்கும். இதைச் சுற்றி 150 முதல் 300 மில்லிவாட், 10 முதல் 40 மில்லிமீட்டர் வேகம் வரை ஒரு கட்டமாகக் கோடுகள் எழுதிப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

ஆழத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மேற்பரப்பில் குவித்துவிட்டு, கண்ணாடியைத் தாங்கி நகர்த்தும் ஸ்டேஜை 113 மைக்ரான் மேலே நகர்த்தினால் உள்ளே குவிபுள்ளி சுமார் 170 மைக்ரானுக்குப் போய்விடும், ஒளிவிலகல் எண் 1.5 என்பதால். 0.17 மில்லிமீட்டர் கவர் கிளாஸுக்கு (நுண்ணோக்கி மாதிரியை மூடும் மெல்லிய கண்ணாடி) திருத்தப்பட்ட ஆப்ஜெக்டிவ் இந்த ஆழத்தில்தான் கூர்மையாகக் குவிக்கும். அதைவிட ஆழமாகப் போக வேண்டுமானால் கண்ணாடியின் ஆழத்துக்கேற்பத் திருப்பிச் சரிசெய்யும் திருத்த வளையம் உள்ள லென்ஸ் தேவை. இல்லையென்றால் குவிபுள்ளி செங்குத்தாக நீண்டு, அதே திறனில் கோடே விழாமல் போகலாம். மாதிரி சாய்ந்திருந்தாலும் இதே கதிதான். நான்கு மூலைகளிலும் மேற்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியைக் கேமராவில் பார்த்து, வேறுபாடு ஒன்றிரண்டு மைக்ரானுக்குள் வரும்வரை சமன்படுத்துங்கள்.

குறைந்த ரிப்பீட்டிஷன் ரேட்டில் (விநாடிக்குக் குறைவான பல்ஸ்கள்) சூடு கோட்டின் வடிவத்தைச் சரிசெய்யாது. குவிபுள்ளி அகலத்தைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு உயரமாக இருப்பதால் குறுக்குவெட்டும் நீள்வட்டமாகிவிடும். ஆப்ஜெக்டிவுக்கு முன்னால் ஒரு குறுகிய பிளவுத் தகடு வைத்து, அதன் நீளப்பக்கம் எழுதும் திசையோடு இருக்கும்படி திருப்பினால் வட்டத்துக்கு அருகில் வரும்.

கோட்டில் முத்து கோத்ததுபோல் குமிழிகள் தெரிந்தால் சூடு மிகுதி. திறனைக் குறையுங்கள், அல்லது வேகத்தைக் கூட்டுங்கள். ஓரிடத்தில் மட்டும் கோடு மெலிந்தால் அநேகமாக மேலே தூசி. அசிட்டோன், பிறகு ஐசோபுரோப்பனால் கொண்டு துடைப்பதைத் தவிர்க்கவே கூடாது. போகும் திசைக் கோடும் வரும் திசைக் கோடும் வேறாகத் தெரிந்தால் பல்ஸ் முகப்பின் சாய்வு (பல்ஸின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட முந்தி வருவது) காரணமாக இருக்கலாம். ஒரே சில்லில் எல்லாக் கோடுகளையும் ஒரே திசையில் எழுதுவது பாதுகாப்பு. ஸ்டேஜ் வேகமெடுக்கக் கண்ணாடிக்கு வெளியே இடம் விட வேண்டும்: முடுக்கம் 500 மில்லிமீட்டர்/விநாடி² என்றால் 30 மில்லிமீட்டர் வேகத்தை எட்ட 0.9 மில்லிமீட்டர் ஆகும்.

விளிம்பில் கூம்பு வடிவக் கற்றையின் ஒரு பகுதி வெளியே விழுந்துவிடும். 170 மைக்ரான் ஆழத்தில் கடைசி 67 மைக்ரான் பழுதாகவே இருக்கும். ஆகவே இரு முனையிலும் 100 மைக்ரானுக்கு மேல் தேய்த்துப் பாலிஷ் செய்தாக வேண்டும்.

ஒளி இழப்பை அளக்கும்போது, ஒளியைச் செலுத்தும் ஃபைபருக்கும் கண்ணாடிக்கும் நடுவே, இரண்டின் ஒளிவிலகல் எண்ணுக்கும் ஒத்த இண்டெக்ஸ் எண்ணெய் விடுங்கள். 1550 நானோமீட்டரில் எஸ்எம்எஃப்-28 என்ற வழக்கமான தொலைத்தொடர்பு ஃபைபரின் மோடு விட்டம், அதாவது உள்ளே ஒளி பரவியிருக்கும் அகலம், 10.4 மைக்ரான். உங்கள் அலைநடத்தியுடையது 8 என்றால் இணைப்பு இழப்பு மட்டும் சுமார் 0.3 டெசிபல். இதைக் கழிக்காமல் சென்டிமீட்டருக்கு இவ்வளவு இழப்பு என்று சொல்வதில் பொருளில்லை.

வளைந்த அலைநடத்திகள் வேண்டுமானால் அனீலிங், அதாவது எழுதிய கண்ணாடியைச் சூடாக்கி மெதுவாக ஆறவிடுவது, மிகவும் உதவும். ஈகிள் எக்ஸ்ஜியின் அனீலிங் புள்ளி 722 டிகிரி செல்சியஸ். 750 வரை ஏற்றி மெதுவாக ஆறவிட்டால் உருகிய பகுதியின் வெளிவளையம் மங்கி, நடு உள்ளகம் மட்டும் நிற்கும். மோடு சீராகும், வளைவு இழப்பு குறையும். ஆனால் மொத்த எண் மாற்றமும் சற்றுக் குறைவதால் முதலில் வேண்டியதைவிடக் கூடுதல் திறனில், பல மோடு (ஒளி பரவும் வடிவங்கள்) தாங்கும்படி எழுதியிருக்க வேண்டும். பாலிஷ் வேலையை அனீலிங்குக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூட்டில் முனைகள் வடிவம் மாறினாலும் பிறகு சரிசெய்துவிடலாம்.