ஆலிவ் எண்ணெய் தீர்ந்த பிறகு

பிப்ரவரியில் எடுத்த பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.3 சதவீதம். 6.5-ஐத் தொட்டால் சர்க்கரை நோய். இடுப்புச் சுற்றளவு 98 சென்டிமீட்டர். "வெள்ளைக்காரர்களுக்கான அளவு நமக்குப் பொருந்தாது, நம் ஆண்களுக்கு 90-தான் எல்லை" என்றார் மருத்துவர். மாத்திரைக்கு மூன்று மாதத் தவணை கொடுத்து, ஆலிவ் எண்ணெய், மீன், பயறு, காய்கறி, கொட்டைகள் மிகுந்த மத்திய தரைக்கடல் உணவு முறையைப் பின்பற்றச் சொன்னார்.

துபாயிலிருந்து விடுமுறைக்குக் கீழக்கரை வந்திருந்த மச்சான் இரண்டு பாட்டில் ஆலிவ் எண்ணெய் கொடுத்தார். பன்னிரண்டே நாளில் தீர்ந்தது. இதே உணவு முறையைச் சோதிக்க ஸ்பெயினில் 7,447 பேரிடம் நடந்த பிரெடிமெட் ஆய்வில் ஒரு பிரிவினருக்கு, வீட்டுக்கு வாரம் ஒரு லிட்டர் ஆலிவ் எண்ணெய் இலவசமாகக் கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு பிரிவினருக்குத் தினமும் 30 கிராம் பாதாம், வால்நட் வகைகள். இரு பிரிவிலும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தன. இலவசமென்றால் நானும் ஊற்றிச் சாப்பிடுவேன்!

கடலை எண்ணெய்க்கே திரும்பினோம். அதன் கொழுப்பிலும் ஏறக்குறையப் பாதி ஆலிவில் உள்ள அதே வகைதான். அளவை மட்டும் மனைவி பாதியாக்கினாள். சீலா மீன் வறுவல் நின்றது; மத்தி வகையான சூடை மீன் குழம்பு வந்தது. பாம்பன் கரையில் மலிவாகக் கிடைப்பதாலேயே நாங்கள் மதிக்காத மீன் அது. ஒமேகா-3 கொழுப்பு அதில் தாராளம்.

மீனில் எனக்குச் சிக்கலே இல்லை, சோற்றில்தான். மூன்று அகப்பை சாப்பிட்டவனுக்கு ஒன்று வைத்தால் கோபம் வராதா? முதல் வாரம் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. மீதித் தட்டை அவித்த தட்டைப்பயறும் முருங்கைக்கீரையும் நிரப்பின. நான்கு மணிப் பசிக்கு மிக்சருக்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த கடலை.

ஏப்ரல் 15 அன்று மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. நாட்டுப்படகு மீனின் விலை ஏறியதும் வீட்டுக்குள் கருவாடு நுழைந்தது. அந்த உப்பு இரத்த அழுத்தத்துக்கு ஆகாது என்று தெரிந்தும் இரண்டு வாரம் ருசித்துச் சாப்பிட்டேன். பிறகு வாரம் ஒரு முறை, அதுவும் நன்றாக ஊறவைத்து அலசிய பிறகே என்று முடிவானது.

மே மாதப் பரிசோதனையில் 5.9, இடுப்பு 94. மாத்திரை இன்னும் தள்ளிப்போயிருக்கிறது. மச்சான் அடுத்த முறை வரும்போது எண்ணெய் வேண்டாம், பாதாம் போதும் என்று சொல்லிவிட்டேன்.