பெண்ணுக்கு உறவு, ஆணுக்கு அதிகாரமா? அளக்கும்போது நடக்கும் பிசகுகள்

ஊக்கம் பற்றிய ஆய்வேடுகளைப் புரட்டினால் கடைசிப் பக்கம் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பெண்களிடம் உறவூக்கம் (பிறரோடு நெருங்கி இருக்கும் நாட்டம்) அதிகம், ஆண்களிடம் அதிகார ஊக்கம் (பிறர்மேல் செல்வாக்குச் செலுத்தும் நாட்டம்) அதிகம், வயதாக ஆக அடைவூக்கம் (சிறப்பாகச் செய்து சாதிக்கும் நாட்டம்) குறையும். இதில் எவ்வளவு ஆளைச் சேர்ந்தது, எவ்வளவு அளவுகோலைச் சேர்ந்தது என்று பிரித்துப் பார்ப்பவர்கள் குறைவு.

வினாத்தாளில் 'வழிநடத்தப் பிடிக்கும்' என்பதற்கு டிக் போடுபவர், தன்னைப் பற்றித் தான் வைத்திருக்கும் எண்ணத்தைத்தான் சொல்கிறார். படம் பார்த்து எழுதும் கதையில் தெரிவது வேறு, தன்னை அறியாமல் வெளிப்படும் நாட்டம். இரண்டு மதிப்பெண்ணும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை என்பதை உளவியலாளர் டேவிட் மெக்லெலண்டும் இரு சகாக்களும் 1989இலேயே விளக்கிவிட்டார்கள். பாலின வேறுபாட்டை வினாத்தாளில் மட்டும் தேடினால், ஆணும் பெண்ணும் எப்படி இருக்க வேண்டும் என்று ஊர் சொல்வதே திரும்பி வரும்.

கதை முறையில் நான்கு முதல் ஆறு படங்கள், படத்துக்கு ஐந்து நிமிடம் போதும். உளவியலாளர் டேவிட் விண்டரின் முறைப்படி, எந்த ஊக்கம் தெரிகிறது என்று வாக்கியம் வாக்கியமாகக் குறியிட வேண்டும். அடுத்தடுத்த இரு வாக்கியங்களில் ஒரே ஊக்கம் வந்தால் ஒருமுறைதான் எண்ண வேண்டும். குறியிடுபவர்களின் ஒப்புமை 0.85ஐத் (1 என்றால் முழு ஒப்புமை) தொடும்வரை பயிற்சிக் கதைகளோடு மல்லுக்கட்டத்தான் வேண்டும்.

புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 'அவன் கேட்காமலேயே அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக் கொடுத்தாள்.' பாசம் என்று உறவூக்கத்தில் போட்டுவிடுவார்கள். கேட்காமல் செய்யும் உதவி விண்டர் கையேட்டில் அதிகார ஊக்கம். இதைத் தவறவிட்டால் பெண்கள் எழுதும் கதைகளில் அதிகாரம் கண்ணுக்கே தெரியாமல் போகும். 1988இல் விண்டர் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அதிகார ஊக்கத்தின் சராசரியில் நிலையான ஆண்-பெண் வேறுபாடு இல்லை. இருபாலரிலும் அது பதவிக்கும் செல்வாக்குள்ள தொழிலுக்கும் இழுத்தது. உறவூக்கத்தில் மட்டும் பெண்கள் சற்று முன்னே நிற்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

கதையின் நீளமும் ஏமாற்றும். ஒருத்தி 520 சொல்லில் 12 குறி, ஒருவன் 300 சொல்லில் 8 குறி என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் சொல்லுக்குக் கணக்கிட்டால் 23.1, 26.7, வரிசை தலைகீழ். தமிழ்க் கதைகளுக்கு ஆங்கிலச் சராசரியை எடுத்து ஒப்பிடவே கூடாது. 'வந்துகொண்டிருந்தவர்களிடமிருந்து' நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் பல.

கதையைத் தொடங்க ஆய்வாளர் கொடுக்கும் முதல் வரியும் அப்படித்தான் ஏமாற்றும். 1960களில் உளவியலாளர் மார்ட்டினா ஹார்னர், மருத்துவ வகுப்பில் முதலிடம் பெற்ற 'ஆன்' என்ற பெண்ணைப் பற்றிப் பெண்களையும், அதே இடம் பெற்ற 'ஜான்' என்ற ஆணைப் பற்றி ஆண்களையும் எழுதச் சொன்னார். வெற்றியைக் கண்டு அஞ்சும் கதைகள் பெண்களில் 65%, ஆண்களில் 10%க்கும் கீழே. பெண் மனதின் அச்சம் என்று இது பேர்வாங்கியது. 1974இல் இருபாலரிடமும் இரண்டு பெயர்களையும் கொடுத்துப் பார்த்தபோது, 'ஆன்' பற்றி ஆண்பிள்ளைகளும் கசப்பாகவே எழுதினார்கள்.

வயது விஷயத்தில் நம்பத்தக்கது ஜோசப் வெராஃப் குழுவின் அமெரிக்க நாடுதழுவிய கணக்கெடுப்பு. ஆண்களின் அதிகார நாட்டம் நடுவயதில் உச்சம். பெண்களின் அடைவூக்கமும் உறவூக்கமும் வயதானவர்களிடம் குறைவு. ஆனால் அதே கணக்கெடுப்பில் 1957க்கும் 1976க்கும் இடையே பெண்களின் அடைவூக்கம் மொத்தமாகவே உயர்ந்திருக்கிறது. அறுபது வயதுக்காரியின் குறைந்த மதிப்பெண் முதுமையால் வந்ததா, அவர் வளர்ந்த காலத்தால் வந்ததா என்பதை ஒரே ஆண்டில் எடுத்த தரவு சொல்லாது. படிவத்தில் பிறந்த ஆண்டையும் எழுதி வாங்கி, பத்து வருடம் கழித்து அதே ஆண்டுகளில் பிறந்தவர்களிடம் அதே படங்களைக் கொடுத்தால்தான் இரண்டும் பிரியும்.