நடை தூரத்தில் 30 பறவை

நவம்பர் முதலாம் திகதி எனக்கு நானே ஒரு போட்டி வைத்துக்கொண்டேன். மாதம் முடிவதற்குள் 30 வகைப் பறவை. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். பஸ், ஆட்டோ கூடாது. கண்ணால் பார்த்தால் மட்டும் கணக்கு, சத்தத்துக்குக் கிடையாது. ஹோர்டன் சமவெளிக்குப் போனால் அருமையான பறவைகள் உண்டு என்று தெரியும். ஆனால் வேன் பிடித்துப் போய்வரக் கையில் காசு வேண்டுமே. டிக்கோயாப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

முதல் வாரத்திலேயே 17. காகம், மைனா, செண்பகம், புள்ளிப்புறா, தையல்சிட்டு எல்லாம் நாங்கள் குடியிருக்கும் லயத்து (வரிசை வீட்டு) வாசலிலேயே கிடைத்தன. மஞ்சள் காதுச் சின்னானுக்கும் அலையவில்லை. இலங்கையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை, எங்கள் கொய்யா மரத்தில் சொந்தக்காரன் மாதிரி உட்கார்ந்து கொத்திக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் கஷ்டம். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலையில் ஒரு புதர்ச்சிட்டு. ஆண், உடம்பு கறுப்பு, சிறகில் ஒரு வெள்ளைக் கோடு, வாலடியிலும் வெள்ளை. மொட்டைக் குச்சியின் நுனியில் உட்காரும், தரைக்குப் பாயும், பூச்சியோடு திரும்பவும் குச்சிக்கே வந்துவிடும். கொழுந்து நிறைந்த மலையில் இதை நான் பார்த்ததேயில்லை. சவுக்கு மரத்து உச்சியில் திரிந்த சின்னப் பச்சைக் கதிர்க்குருவிகளை விட்டுவிட்டேன். கழுத்து வலித்ததுதான் மிச்சம். எது எதுவென்று பிரிக்கத் தெரியவில்லை.

ஆறுமணிக்குருவி வந்திருக்குமா என்று அம்மாவிடம் கேட்டேன். குளிர்காலத்துக்கு இந்தியாவிலிருந்து கடல் தாண்டி வருவது அது.

“காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போறப்ப ரெண்டு விசில் அடிக்குமே, அதுவா? கோயிலுக்குப் பின்னால, தண்ணி ஓடுற கான் ஓரமாப் போய்ப் பாரு.”

இரண்டு விடியல் அட்டைக்கடிதான். மூன்றாவது நாள் கானுக்குள் சருகு அசைந்தது. வால் இருக்கிற இடத்தில் ஒரு குட்டைத் துண்டு, அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு. ஒரு சருகைப் புரட்டி, தலையைச் சாய்த்துப் பார்த்து, அடுத்ததைப் புரட்டியது. நான் காலை நகர்த்தியதும் சிறகில் ஒரு நீலம் மின்னியது, அவ்வளவுதான், போய்விட்டது.

30ஆம் திகதி மத்தியானமே பனி மூடிவிட்டது. கணக்கு 29. ஆந்தையும் குக்குறுவானும் மாதம் முழுக்கக் கத்தின, ஒருநாளும் கண்ணில் படவில்லை. கொப்பியை எட்டிப் பார்த்த அம்மா, செக்ரோல் பார்க்கிற மாதிரி விரல் வைத்து எண்ணினார். ஒருநாள் வேலைக்கு ஒரு பேர், அரைநாளுக்கு அரைப் பேர் என்று எழுதுகிற தோட்டத்துப் பதிவு அது.

“சத்தத்துக்கு அரைப் பேராவது போடேன். ரெண்டு அரை சேந்தா ஒரு பேரு. முப்பது வந்துருச்சே.”

சட்டம் சட்டம்தான் என்று 29ஐயே எழுதினேன். டிசம்பரில் அரைப் பேர் உண்டு.