ஹிட்லருக்கு மார்க் போட்ட பெரியப்பா

"படிக்க ஏதாவது நல்லதா சொல்லேன்" என்று யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் போதும், எனக்குக் கை சும்மா இருக்காது. கேட்டவர் யார், என்ன படிப்பார் என்றெல்லாம் யோசிப்பதற்குள் அலமாரியிலிருந்து ஒன்றை உருவிக் கையில் திணித்திருப்பேன். பெரியப்பாவுக்கும் அப்படித்தான் திணித்தேன். முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். வரலாறு பிடித்தவருக்கு, நடந்ததை மாற்றி 'இப்படி நடந்திருந்தால்' என்று எழுதுகிற மாற்று வரலாறு இன்னும் பிடிக்கும் என்று நானே ஒரு கணக்குப் போட்டேன்.

கொடுத்தது ராபர்ட் ஹாரிஸ் எழுதிய 'ஃபாதர்லேண்ட்'. 1992இல் வந்த நாவல். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஜெயித்துவிட்ட உலகம் அது. 1964 ஏப்ரலில் பெர்லின் நகரமே ஹிட்லரின் 75வது பிறந்தநாளுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறது, நீர்க்கரையில் ஒரு பிணம் ஒதுங்குகிறது, விசாரிக்க வந்த அதிகாரி தோண்டக்கூடாத இடத்தில் தோண்ட ஆரம்பிக்கிறார். எடுத்தால் வைக்க முடியாது, அதற்கு நான் பொறுப்பு.

பெரியப்பாவும் வைக்கவில்லைதான். ஆனால் கையில் சிவப்புப் பேனாவோடு படித்திருக்கிறார். நாவலாகப் போனது பத்து நாள் கழித்து விடைத்தாளாகத் திரும்பி வந்தது.

75வது பிறந்தநாள் என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக், அதன் கீழே: "1889இல் பிறந்தவர், கணக்கு சரி. ஆனால் ஆள் 1945 ஏப்ரல் 30 அன்றே காலி." அமெரிக்க ஜனாதிபதி கென்னடி என்று வந்த இடத்தில்: "1963 நவம்பரிலேயே சுட்டுவிட்டார்களே, 1964இல் ஜான்சன் அல்லவா?" அப்புறம் அதை அடித்துவிட்டு, "அடடா, இது அப்பா கென்னடி! இவரை யார் தேர்ந்தெடுத்தது?" பெர்லின் நடுவே வானத்தை முட்டுகிற அந்த மகா மண்டபம் வரும்போது "கட்டவே இல்லை" என்று கொட்டை எழுத்தில் எழுதி, மனசாட்சி உறுத்தியதோ என்னவோ, சின்ன எழுத்தில் "ஹிட்லரின் கட்டடக் கலைஞர் ஸ்பீர் வரைபடம் போட்டது உண்மை" என்று சேர்த்திருந்தார். முதல் பக்கத்தில் வட்டம் போட்டு 100க்கு 38.

"பெரியப்பா, இது தப்பு இல்ல, வேணும்னே மாத்தி எழுதியிருக்காங்க" என்றேன்.

"வேணும்னே தப்பா எழுதினா மார்க் போடணுமாடா?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் கண்ணில் பட்டது. கதை 1942 ஜனவரி 20 அன்று வான்சே மாளிகையில் 15 பேர் கூடி ஒரு இனத்தையே அழிக்கத் திட்டமிட்ட கூட்டத்தைத் தொடுகிற பக்கங்களில் சிவப்பு மை ஒரு பொட்டுகூட இல்லை. அந்தக் கூட்டம் உண்மையாகவே நடந்தது. அவ்வளவு நேரம் ஹிட்லரோடு மல்லுக்கு நின்றவர் அங்கே பேனாவை மூடி வைத்திருக்கிறார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

சரி, மனிதருக்கு மாயமந்திரம் வருகிற மிகுபுனைவுதான் சரிப்படும் என்று அடுத்து சுசன்னா கிளார்க்கின் 'ஜொனாதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நாரெல்' கொடுத்தேன். 2004இல் வந்தது, தலையணை சைஸ். நெப்போலியன் காலத்து இங்கிலாந்தில், அழிந்துபோனதாக நினைத்த மாயவித்தை இரண்டு பேர் கையில் திரும்ப வருகிறது. ஒருவர் புத்தகத்தைப் பூட்டிவைக்கிற கருமி, இன்னொருவர் போர்க்களத்துக்கே போய் ஆங்கிலேயத் தளபதி வெலிங்டனுக்குச் சாலை போட்டுக்கொடுப்பவர். மெதுவாகத்தான் சூடு பிடிக்கும், முதல் நூறு பக்கத்தில் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பெரியப்பாவுக்குச் சூடு பிடித்தது கதையில் இல்லை, அடிக்குறிப்பில். அந்த நாவலில் நூற்றுக்கும் மேலே அடிக்குறிப்புகள் உண்டு, ஆய்வு நூல் மாதிரி இன்ன நூல், இன்ன ஆசிரியர் என்று முகத்தை வைத்துக்கொண்டு சொல்லும், பெரும்பாலும் கற்பனை. "எவ்வளவு பொறுப்பா ஆதாரம் குடுத்திருக்காங்க பாரு, அந்த ஹிட்லர் புத்தகக்காரனும் இருக்கானே" என்று பூரித்துப்போனவர், அதிலிருந்து ஏழெட்டு நூல் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு நூலகத்துக்கே போய்விட்டார். நூலகர் அரை மணி நேரம் தேடியிருக்கிறார். கடைசியில் இவருக்கு ஆறுதலாக, "ரொம்பப் பழைய பதிப்பு போலிருக்கு சார்" என்று வேறு சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை.

மூன்றாவது, நவோமி நோவிக்கின் 'டெமரேர்', 2006. அதே நெப்போலியன் போர், ஆனால் வானத்தில் டிராகன் படை. டிராகன் முதுகில் வார் பூட்டி, கப்பல் மாதிரி ஒரு குழுவே ஏறிப் பறக்கும். இதில் பிரச்சினை வராது என்று நிம்மதியாக இருந்தேன். ராத்திரி பதினொரு மணிக்குப் போன்.

"டேய், டிராஃபால்கர் கடற்போர்ல இங்கிலாந்து அட்மிரல் நெல்சன் பிழைச்சிட்டாராம்!"

"ஆமா பெரியப்பா, டிராகன் நெருப்புல காயம்பட்டு..."

"1805 அக்டோபர் 21, நடுப்பகல் தாண்டி குண்டு பாய்ஞ்சு, அன்னைக்கே செத்துப்போனாருடா அந்த மனுஷன்!"

"டிராகன் மட்டும் இருந்துச்சா?"

"அது வேற. அது கதை."

பெரிய பொய்யை மனசு சிரித்துக்கொண்டே விழுங்கிவிடுகிறது, சின்னப் பொய்தான் மீன்முள் மாதிரி தொண்டையில் நிற்கிறது. அதனால்தான் வரலாறு தெரியாதவர்களுக்கு நான் இப்போது மாற்று வரலாற்று நாவல் சிபாரிசு செய்வதில்லை, அவர்களுக்குக் குத்தாது. நன்றாகத் தெரிந்தவர்களுக்குத்தான் கொடுக்கிறேன், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. ஃபிலிப் கே. டிக்கின் 'தி மேன் இன் தி ஹை காசில்' (1962) மட்டும் பெரியப்பா கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருக்கிறேன். ஜெர்மனியும் ஜப்பானும் ஜெயித்த உலகத்தில், நேச நாடுகள் ஜெயித்ததாக ஒருவர் நாவல் எழுதுகிறார், அதுவும் நம் வரலாற்றோடு ஒத்துப்போகாது. அவருடைய சிவப்பு மை தாங்காது.

போன வாரம் அவரே கூப்பிட்டார். அடுத்த புத்தகம் வேண்டுமாம்.

"முதல்லயே சொல்லிடு. இதுல யாரு சாகல?"

கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'தி இயர்ஸ் ஆஃப் ரைஸ் அண்ட் சால்ட்' (2002) எடுத்து வைத்திருந்தேன். "இதுல அப்படியெல்லாம் இல்ல பெரியப்பா, கொள்ளைநோய் வந்து ஐரோப்பாவே கிட்டத்தட்ட மொத்தமா செத்துப்போச்சு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"பதினாலாம் நூற்றாண்டு பிளேக்கா?"

"ஆமா."

பேனா மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது.