ஐந்தாம் நாள் முகம்

காலையில் முகம் கழுவியபோது உள்ளங்கையில் காப்பித்தூள் போல ஏதோ ஒட்டியிருந்தது.

என் தோல்.

“காசு கொடுத்து முகத்தைச் சுட்டுக்கொண்டு வந்திருக்கிறாய்” என்றார் அம்மா. மறுக்க முடியவில்லை. பருத் தழும்புகளுக்காக ஃபிராக்‌ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் செய்து இன்று ஐந்தாம் நாள்.

10,600 நானோமீட்டர் அலைநீளமுள்ள அந்தக் கதிரைத் தோலில் இருக்கும் நீர் உறிஞ்சிக்கொள்கிறது. பட்ட இடம் கணப்பொழுதில் ஆவியாகிறது. முகம் முழுவதும் அல்ல, நுண்ணிய துளைகளாக மட்டும். கோலத்துக்குப் புள்ளி வைப்பது போல. இடையில் விட்டுவைத்த நல்ல தோல்தான் காயத்தை விரைவில் ஆற்றுகிறது.

மரத்துப்போகும் களிம்பு தடவியும் சுரீரென்றது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். மயிர் பொசுங்கும் அந்த வாடை! அதை யாருமே முன்கூட்டிச் சொல்லவில்லை.

தோலுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜன் புதிதாக உருவாக மாதக்கணக்காகும். தழும்பு மங்கும், அடியோடு மறையாது. நம் மாநிறத் தோலில் கருந்திட்டு விழும் அபாயம் வேறு அதிகம். அதனால் சன்ஸ்கிரீன், குடை, வெயிலோடு பகை.

உரியும் தோலைப் பிய்க்கக் கூடாது. கையோ பரபரக்கிறது.

அம்மா ஒரு கட்டு முருங்கைக்கீரையை என் மடியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார், ஆய்வதற்கு.