வண்டி நுழைய வழியில்லாத மைதானம்

திறந்தவெளிக் கச்சேரி வேலையில் இருப்பவர்கள் அமெரிக்காவின் வுட்ஸ்டாக் ராக் இசை விழாவைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் ஹெண்ட்ரிக்ஸின் கிட்டாரைவிட அதிகம் அடிபடுவது கழிப்பறை, கேபிள், டிராக்டர் தடம் இவைதான். 1969 ஆகஸ்ட் 15 முதல் 18 காலைவரை, நியூயார்க் மாநிலத்தில் பெத்தல் என்ற சிற்றூரில், மேக்ஸ் யாஸ்கரின் 600 ஏக்கர் பால்பண்ணையில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடினார்கள். அன்பும் சமாதானமும்தான் அவர்களைக் காப்பாற்றின என்பார்கள். அது பொய்யில்லை. ஆனால் அங்கே கெட்டுப்போன ஒவ்வொன்றின் நூலையும் பிடித்துக்கொண்டு பின்னால் போனால் பெரும்பாலும் ஒரே முடிச்சில்தான் வந்து நிற்கும்: கூட்டம் உட்கார்ந்த பிறகு உள்ளே ஒரு வண்டி நுழைய வழி கிடையாது.

முதல் சிக்கல் நாள் போதாமை. வால்கில் என்ற ஊரில் நடத்தத்தான் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. ஜூலை நடுவில் அந்த ஊர் கதவைச் சாத்திவிட்டது. புது இடத்தில் மிச்சம் இருந்தது ஒரு மாதம். சாலை, தண்ணீர், மின்சாரம், மேடை, வேலி, டிக்கெட் வாசல் எல்லாவற்றையும் அதற்குள் முடிக்க ஆள் இல்லை. மேடையா வேலியா என்ற கேள்வி வந்தபோது மேடை ஜெயித்தது. வேறு வழியும் இல்லை. பாட்டு இல்லாத மைதானத்தில் அத்தனை பேரை விட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. முன்பதிவில் 1,86,000 டிக்கெட் விற்றிருந்தது. வாசலில் விற்பதற்கோ வாசலே எழவில்லை. கச்சேரிக்கு முன்பே பல்லாயிரம் பேர் மேடைக்கு எதிரே துணி விரித்துப் படுத்துவிட்டார்கள். படுத்தவர்களை எழுப்பி, வெளியே அனுப்பி, டிக்கெட் கிழித்து மறுபடி உள்ளே விடுவது நடக்கிற காரியமா? இலவசம் என்று அறிவித்ததைப் பெருந்தன்மை என்று எழுதுபவர்கள் உண்டு. அதற்குள் அதைத் தவிர அறிவிக்க வேறெதுவும் இருக்கவில்லை. வேலி என்பது காசுக்காக மட்டும் போடுவதல்ல. எந்த வழியாக ஆள் போக வேண்டும், எந்த வழியை வண்டிக்கு விட வேண்டும் என்று மண்ணில் கோடு கிழிப்பது அதுதான். அந்தக் கோடு இல்லாததால் வண்டிப் பாதை முழுக்கக் கூடாரம் ஆனது.

இடம் மட்டும் அருமையான இடம். கிண்ணம் மாதிரிச் சரிவு, அடியில் மேடை, அதற்குப் பின்னால் ஒரு குளம். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் மேடை தெரியும். ஆனால் கிண்ணத்தில் மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்? மேடைக் காலடிக்குத்தான். புல் இருக்கும்வரை மண் பிடிக்கும்; லட்சம் கால் மிதித்துப் புல் போன பிறகு ஒரு மழை போதும், சரிவு முழுக்கச் சறுக்குமரம்தான். இப்படிப்பட்ட இடத்தில் மேல் விளிம்பில் ஒரு வெட்டுவாய்க்கால் போட்டு மழைநீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட வேண்டும். கூட்டம் வருவதற்கு முன் செய்தால் அது சின்ன வேலை. வந்த பிறகு மண்வெட்டி போடவே இடம் இருக்காது.

இனி கழிப்பறை. வைத்தது சுமார் 600 என்பது கணக்கு. நான்கு லட்சத்தை வகுத்தால் ஒன்றுக்கு 650 பேருக்கு மேல் வரும். இன்று இந்தத் தொழிலில் நாள் ஒன்றுக்கு நூறு பேருக்கு ஒன்று என்று போட்டாலே முணுமுணுப்பு கேட்கும். எண்ணிக்கையைவிடப் பெரிய தவறு வேறொன்று. தற்காலிகக் கழிப்பறையின் ஆயுள் அதன் தொட்டியில் இல்லை, அதை உறிஞ்சியெடுக்கிற லாரியில் இருக்கிறது. தொட்டி நிரம்பினால் பெட்டி அங்கேயே நிற்கும், ஆனால் இல்லாததற்குச் சமம். ஊருக்குள் வரும் 17பி சாலையில் காரை அங்கங்கே போட்டுவிட்டு ஜனங்கள் நடந்தே வந்தார்கள். அந்தக் கார்களுக்கு நடுவே கழிவு லாரி எப்படி வரும்? ஆகவே, கழிப்பறைகளை வரிசையாகச் சுற்று விளிம்பில் வைத்து, பின்பக்கம் லாரிக்குத் தனித் தடம் விடுவது பாலபாடம். நடுமைதானத்தில் வைத்தால் பார்க்க வசதி, காலி செய்ய முடியாது.

அந்த மைதானத்தில் நடந்த மிகக் கொடிய விபத்தும் வண்டித் தடம் சம்பந்தப்பட்டதே. தூக்கப் பையில் சுருண்டு படுத்திருந்த பதின்வயதுப் பையன் ஒருவன் மீது டிராக்டர் ஏறிவிட்டது. ஓட்டியவர் கண்ணுக்கு அது வெறும் துணி மூட்டையாகத் தெரிந்திருக்கும். ஆள் படுத்திருக்கும் வெளியில் வண்டி நகர வேண்டுமென்றால் முன்னால் ஒருவர் நடந்து போக வேண்டும், ஒவ்வொரு துணியையும் தொட்டுப் பார்த்துக்கொண்டு. இதில் குறுக்குவழி கிடையாது.

சாப்பாட்டுக் கடைகளின் சரக்கு சீக்கிரமே தீர்ந்தது. விலை ஏறியதில் எரிச்சலான கூட்டம் கடைகள் சிலவற்றைக் கொளுத்தியும்விட்டது. வயிற்றைக் காப்பாற்றியது ஹாக் ஃபார்ம் என்ற ஹிப்பிக் கூட்டுவாழ்க்கைக் குழு. நியூமெக்சிகோவிலிருந்து விமானத்தில் அழைத்து வரப்பட்டவர்கள் இவர்கள். தலைவர் வேவி கிரேவி என்று பின்னாளில் பெயர்பெற்ற ஹியூ ரோம்னி. இவர்கள் சரக்கைத் தேர்ந்தெடுத்த விதம் கவனிக்கத்தக்கது. உடைத்த கோதுமை, ஓட்ஸ், உலர்பழம், தேன் என்று குளிர்சாதனம் கேட்காத, ஈரம் படாமல் வைத்தால் கெடாத பொருள்கள். மூட்டை மூட்டையாகக் கூட்டத்துக்கு முன்பே உள்ளே வந்துவிட்டன. கலக்க அண்டா போதாதபோது புது பிளாஸ்டிக் குப்பைத்தொட்டிகளில் கலந்தார்கள். ஞாயிறு காலை ஓட்ஸ் கலவையைக் காகிதக் கோப்பைகளில் போட்டு மேடைக்கு முன்னால் இருந்தவர்களிடம் கொடுக்க, அது கைமாறிக் கைமாறிப் பின்னால் போனது. வரிசையில் நிற்க இடமில்லாத கூட்டத்துக்கு இதைவிட நல்ல பரிமாறல் முறை இதுவரை யாருக்கும் தோன்றவில்லை. பண்ணைக்காரர் யாஸ்கர் தன் பங்குக்குப் பாலும் தண்ணீரும் கொடுத்தார்.

இசைக்கலைஞர்களும் அதே சாலையில்தான் மாட்டினார்கள். முதலில் மேடையேற வேண்டியவர்கள் வந்து சேராததால், ஒரு கிட்டாரோடு தயாராக இருந்த ரிச்சி ஹேவன்ஸை வெள்ளிக்கிழமை மாலை 5 மணியளவில் ஏற்றினார்கள். அடுத்தவர் வரும்வரை அவரை இறங்க விடவில்லை. கைவசம் இருந்த பாட்டெல்லாம் தீர்ந்து, பழைய ஆன்மிகப் பாடல் ஒன்றிலிருந்து மேடையிலேயே ஒன்றை உருவாக்கிப் பாடினார். அவருக்குப் பின் தொடக்க உரை ஆற்றியவர் கோவை பக்கத்துச் செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. ஆள், மருந்து, சாப்பாடு எல்லாம் ஹெலிகாப்டரில்தான். சில குழுக்களின் மேலாளர்கள் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டு அடம்பிடிக்க, சனி இரவு வங்கி மேலாளர் ஒருவரை எழுப்பி ஹெலிகாப்டரில் கூட்டிப்போய்க் காசோலை எடுத்து வந்தார்கள். கையில் இரண்டு ஹெலிகாப்டர் இறங்குதளமும் மேடைக்குப் பின்னால் தனிப்பாதையும் இருந்தால் பாதி நிகழ்ச்சியைக் காப்பாற்றிவிடலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மேடையில் ஒரு சுழல்தட்டு போட்டிருந்தார்கள். முன்பாதியில் ஒரு குழு வாசிக்க, பின்பாதியில் அடுத்த குழு பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருக்கும். முடிந்ததும் சுற்றிவிட்டால் ஐந்து நிமிடத்தில் அடுத்த கச்சேரி. யோசனை நல்லதுதான். அடியில் மாட்டிய சக்கரங்கள் தாங்கவில்லை. கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் குழுவின் கனத்த பெட்டிகள் ஏறியதும் கதை முடிந்தது. நகரும் பளுவை உருளைச் சக்கரத்தில் நிறுத்தும்போது, மொத்த எடையைச் சக்கர எண்ணிக்கையால் வகுத்தால் போதாது. பலகை மழையில் ஊறி வளைந்தால் சில சக்கரங்கள்தான் உண்மையில் தாங்கும். சுழல்தட்டு போனதால் மாற்றும் நேரம் நீண்டது. சனிக்கிழமை இரவுக்கான ஹூ என்ற ராக் குழு ஞாயிறு விடியற்காலை 5 மணிக்கு ஏறியது. ஞாயிறு இரவு முடிக்க வேண்டிய ஹெண்ட்ரிக்ஸ் திங்கள் காலை 9 மணியளவில் வாசித்தார். அப்போது மைதானம் பெருமளவு காலி.

அதே கிரேட்ஃபுல் டெட் குழுவினர்தான் மைக்கைத் தொடும்போதெல்லாம் ஷாக் அடித்தது என்று வெகுகாலம் புலம்பியவர்கள். காரணம் புதிரல்ல. கிட்டாரின் ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்கு ஒரு எர்த், மைக் செட்டுக்கு வேறொரு எர்த். இரண்டுக்கும் நடுவே வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால், கை கம்பியிலும் உதடு மைக்கிலும் இருக்கும் பாடகர்தான் இரண்டையும் இணைக்கும் கம்பி. மேடை ஈரமாக இருந்தால் இன்னும் மோசம். மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கிட்டார் கம்பியிலும் மறு முனையை மைக்கின் வலையிலும் வைத்துப் பார்க்க அரை நிமிடம் ஆகும். முள் அசைந்தால் யாரையும் பாட விடக்கூடாது. இரண்டு எர்த்தையும் ஒரே இடத்தில் கட்டிவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். பெட்டியின் எர்த் பின்னை வெட்டிவிட்டு "இரைச்சல் போய்விட்டது" என்று மகிழ்கிற ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள், அவர்களை மேடைப்பக்கம் விடாதிருப்பது நல்லது.

ஒலியமைப்பு மாசசூசெட்ஸின் பில் ஹேன்லி. வுட்ஸ்டாக்கில் கெட்டுப்போகாத பெரிய பொருள் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அவருடைய மைக் செட்டைத்தான் சொல்ல வேண்டும். ஆள் உயரத்துக்கு மரப்பெட்டிகள், ஒவ்வொன்றிலும் நான்கு 15 அங்குல ஸ்பீக்கர், அவற்றோடு கொம்பு வடிவ உலோக ஸ்பீக்கர்கள். உயரச் சாரத்தில் மேல் வரிசை தொலைவுக் குன்றைப் பார்க்கும், கீழ் வரிசை முன்னால் இருப்பவர்களை. தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். அதனால் எல்லாவற்றையும் தரைமட்டத்தில் அடுக்கினால் முன்வரிசைக்குக் காது கிழியும், பின்வரிசைக்குக் கிசுகிசு. குன்றின் நடுவே கூடுதல் ஸ்பீக்கர் நட்டால் என்ன என்று கேட்கலாம். ஒலி 100 மீட்டர் போக ஏறத்தாழ 0.3 விநாடி பிடிக்கும். மேடையிலிருந்து வருவதும் நடுவில் இருப்பதும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால் பேச்சே புரியாது. இன்று தாமதக் கருவி ஒரு பொத்தானில் இருக்கிறது, அன்று இல்லை.

பேச்சு புரிந்ததுதான் முக்கியம். தொலைபேசி, ஒலிபெருக்கி வண்டி, காவலர் எதுவும் போதுமான அளவில் இல்லை. ஓய்வுநேரத்தில் வருவதாக இருந்த நியூயார்க் போலீஸ்காரர்களுக்குக் கடைசி நேரத்தில் அனுமதி மறுக்கப்பட்டது. மேடை மைக்தான் அரசாங்கம். விளக்கமைப்புக்கு வந்த சிப் மாங்க் அறிவிப்பாளராகவும் ஆனார். கூரை முடியாததால் அவர் கொண்டுவந்த விளக்குகளில் பெரும்பகுதியைத் தொங்கவிட முடியவில்லை, கோபுரங்களில் இருந்த ஃபோகஸ் லைட்டுகளே மிச்சம். ஞாயிறு பிற்பகல் பாடகர் ஜோ காக்கர் முடித்ததும் புயல் வந்தது. சாரத்தில் ஏறியிருந்தவர்களை இறங்கச் சொல்லி மேடை மைக்கில் தாழ்ந்த குரலில், அவசரமே இல்லாதவர்கள்போல், திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கத்தியிருந்தால் ஓட்டம் தொடங்கியிருக்கும்.

மருத்துவக் கூடாரத்துக்கு அதிகம் வந்தவை வெறுங்காலில் கண்ணாடி குத்திய வெட்டுகள். போதை தலைக்கேறிப் பயந்தவர்களை ஹாக் ஃபார்ம் ஆட்கள் மருந்தால் சாய்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசியே தெளியவைத்தார்கள். தெளிந்தவரிடம், "அதோ வருகிறானே, மூன்று மணி நேரம் முன்பு நீ அப்படித்தான் இருந்தாய், இனி அவனை நீ பார்த்துக்கொள்" என்ற மாதிரி ஒப்படைப்பார்கள். ஆள் பற்றாக்குறை அதோடு தீர்ந்தது.

நான்கு மாதத்தில், டிசம்பர் 6 அன்று, கலிபோர்னியாவின் ஆல்டமான்ட் பந்தயத்திடலில் இன்னொரு ராக் கச்சேரிக்குக் கூடியவர்கள் சுமார் மூன்று லட்சம். அங்கும் மேடைப் பொறுப்பு சிப் மாங்க்குக்கே. முதலில் தேர்ந்த இடத்தில் மேடை மேட்டின் மேல் அமைவதாக இருந்ததால் உயரம் நாலடிக்குள் போதும் என்று செய்திருந்தார்கள். கடைசி ஓரிரு நாளில் இடம் மாறியது. புது இடத்தில் மேடை சரிவின் அடியில். அதே மேடையை அப்படியே கொண்டுவந்து போட்டார்கள், உயர்த்த நேரமில்லை. பின்னாலிருந்து சரிந்த கூட்டம் மேடை விளிம்பில் மோதியது. காவலுக்கென்று நிறுத்திய ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் மோட்டார் சைக்கிள் ஆட்கள் தடியோடு அதே விளிம்பில் நின்றிருந்தார்கள். பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே ஓர் இளைஞர் அங்கே குத்திக் கொல்லப்பட்டார்.