பாம்பனில் ஒரு நண்டின் விலை

மண்டபம் தாண்டியதும் ரயில் பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம் நகர்ந்தார்கள். 1914-இல் வந்த பழைய பாம்பன் பாலத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தோம். கப்பல் வந்தால் நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மேலே ஏறிவிடும். மற்றவர்கள் பாலத்தைப் படம் எடுக்க, நான் கீழே நின்ற படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வந்தது நண்டுக்காக.

செப்டம்பர் மாதம். தென்கடலில் காற்று இன்னும் அடங்கவில்லை. பாம்பன்காரர்களுக்கு மன்னார் வளைகுடா தென்கடல், பாக் விரிகுடா வடகடல். ஒரு பக்கம் கொந்தளித்தால் இன்னொரு பக்கம் தொழில் நடக்கும். நண்பன் என்னை விடியற்காலையில் வடகடல் கரைக்குக் கூட்டிப்போனான். நாட்டுப்படகுகள் வந்து சேர்ந்திருந்தன. ஓலைக் கொட்டகையில் ஒரு குடும்பமே வலையைச் சுற்றி உட்கார்ந்து நண்டு கழித்துக்கொண்டிருந்தது: அப்பா, அம்மா, பாட்டி, பள்ளிக்கூடம் போகும் முன் கை கொடுக்க வந்த பையன். நீலக்கால் நண்டு வலையில் தன்னைத் தானே சுற்றிக்கொள்ளும். கால் ஒடியாமல் அதைப் பிரிக்க வேண்டும். நானும் ஒன்றை முயன்றேன். நான் அதோடு போராடி முடிப்பதற்குள் பாட்டி பத்து நண்டு கழித்துவிட்டார்.

எடை போட்டதும் நண்டு நேராக ஒரு வியாபாரியின் கூடைக்குப் போனது. ஏலம் இல்லை. வேறு யாரும் விலை கேட்கவும் இல்லை. நண்பன் அப்புறம்தான் சொன்னான். வலைக்கும் இன்ஜினுக்கும் அந்த வியாபாரிதான் முன்பணம் கொடுத்திருக்கிறார். அது தீரும்வரை சரக்கு அவருக்குத்தான், விலையும் அவர் சொல்வதுதான். இந்தக் கரையோரத்தில் நிறைய வீடுகளின் நிலை இது. வங்கி எட்டிப் பார்க்காத நாளிலும் வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் ராத்திரி பணம் கொடுப்பவர் அவர்தான். அதனால் அவரைத் திட்டவும் யாருக்கும் மனம் வருவதில்லை. ஆனாலும் கடலில் இறங்குபவர் விலை சொல்ல முடியாத ஒரு தொழிலை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஊருக்கு வருமுன் கணக்குகளைப் படித்திருந்தேன். 2024-25-இல் இந்தியாவின் கடல் உணவு ஏற்றுமதி சுமார் 17 லட்சம் டன், மதிப்பு 62,408 கோடி ரூபாய். பெரிய தொகைதான். ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு உறைந்த இறால், அதிலும் பெரும்பகுதி ஆந்திரா போன்ற இடங்களில் குளத்தில் வளர்க்கும் வனாமி என்ற இறால் வகை. கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா 2019 முதல் நம்மிடம் வாங்குவதில்லை. இழுவலையில் ஆமை தப்பிப் போக வழி வைக்கவில்லை என்பது காரணம். இந்த ஊர்க் கடலிலிருந்து அமெரிக்காவுக்குப் போகும் சரக்கில் முக்கியமானது நண்டுச் சதைதான். அதன் மேலும் 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா 50 சதவீத வரி போட்டிருந்தது. நான் போனபோது கரையில் எல்லார் வாயிலும் அந்தப் பேச்சுதான். வாஷிங்டனில் போட்ட ஒரு கையெழுத்து பாம்பன் கொட்டகையில் கிலோவுக்கு எவ்வளவு குறைக்கும் என்று ஒரு பெரியவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் ஒரு காலத்தில் மண்டபத்தில்தான் இருந்தது. பிறகு அது கொச்சிக்குப் போனது, மண்டபத்தில் ஒரு நிலையம் இன்றும் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்துவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரிதான் நான் வந்த வேலை நடந்தது. நண்பனின் அத்தை நண்டுக் கம்பெனியில் வேலை பார்ப்பவர். பல வருடமாகச் சதை எடுக்கிறார். தலைக்குத் தொப்பி, கைக்கு உறை, குளிரூட்டிய அறை, நாள் முழுக்க நின்றபடி வேலை. எடுத்த கிலோவுக்குத்தான் கூலி. வேகவைத்த நண்டு வரிசையாக வந்துகொண்டே இருக்குமாம்.

"எப்படி எடுப்பீங்க அத்தை?" என்று கேட்டேன்.

தட்டிலிருந்த நண்டை எடுத்து ஓட்டைக் கழற்றினார். நண்டு நீந்துவது கடைசி ஜோடிக் காலால், அது துடுப்பு மாதிரி தட்டையாக இருக்கும். அந்தக் கால் உடம்போடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு சதைக் கட்டி இருக்கிறது. ஒரு நண்டுக்கு இரண்டே இரண்டு. அது உடையாமல் முழுசாக வந்தால்தான் முதல் தரம். உடைந்தால் அடுத்த தரம், அதற்குக் கீழே உடம்பின் மற்றச் சதை, கடைசியில் கொடுக்குச் சதை. தரம் பிரித்து டப்பாவில் அடைத்து, சூடாக்கிக் கிருமி நீக்கி, குளிரிலேயே கப்பல் ஏற்றுகிறார்கள். அமெரிக்க உணவகத் தட்டில் அதுதான் 'கிராப் கேக்' என்ற நண்டு வடை ஆகிறது.

"கத்தி நுனி ஒரு நூல் ஆழமாப் போனா போச்சு தம்பி. நண்டு பிடிச்சவனுக்கும் நட்டம், எனக்கும் நட்டம்."

சொல்லிக்கொண்டே எடுத்துவிட்டார். வெள்ளையாக, மல்லிகை மொட்டைவிடக் கொஞ்சம் பெரிசாக, ஒரு கீறல் இல்லாமல் இரண்டு கட்டி. கோடிக் கணக்கில் சொல்கிற அத்தனை மதிப்பும் முதலில் இந்த விரல் நுனியில்தான் நிற்கிறது என்று அப்போது தோன்றியது. எந்த அட்டவணையிலும் இவருடைய கை இல்லை.

அத்தை வீட்டில் நண்டு சமைத்தால் என்ன சாப்பிடுவார் என்று கேட்டேன். கொடுக்குதான் பிடிக்கும் என்றார், அதில்தான் ருசி இருக்கிறதாம். பிறகு அந்த இரண்டு கட்டியையும் என் சோற்றின் மேல் வைத்தார்.

"அமெரிக்காக்காரன் திங்கிறது இதுதான். நீயும் தின்னு."